மூடியைத் திறக்காதே, ஒடீல்

1

இந்தக் கதையை நான் உட்கார்ந்து யோசிக்கவில்லை. செலினின் கடையில் தலையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது காதில் விழுந்தது. எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நான் இப்போது இருக்கும் ஆப்பிரிக்க ஊரான வாகாடூகுவில் முடி பின்னிக்கொள்வது என்றால் ஒரு மதியத்தை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். நம் தலை செலினின் முழங்கால்களுக்கு நடுவில் மாட்டிக்கொள்ளும். திரும்ப முடியாது, எழ முடியாது. கண்ணுக்கு எதிரே கடை வாசல், வாசலுக்கு அப்பால் செம்மண் தெரு, தெருக்கோடியில் ஒரு நீலத் தகரக் கதவு. பார்ப்பதற்கு அவ்வளவுதான். மற்றதெல்லாம் காதுக்கு. வாசலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் செலினின் அம்மா ஒடீல் வேர்க்கடலை உரித்துக்கொண்டு, போகிற வருகிற எல்லோரையும் வம்புக்கு இழுத்துக்கொண்டிருப்பார்.

எனக்குக் கல்யாணத்தில் முடிகிற கதைகள்தான் எழுத வரும். இதையும் அப்படித்தான் நினைத்து உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே தகராறு.

'ஒரு ஊரில் ஒரு இயக்குநர் இருந்தார். அவர் ஒரு படத்தை முடிக்காமல் விட்டதால் உலகமெல்லாம்—'

(வேண்டாம். அவரை வைத்துத் தொடங்கினால் கதை அவருடையதாகிவிடும். ஏற்கெனவே அவரிடம் நிறைய இருக்கிறது.)

'செம்மண் புழுதிக்குள்ளிருந்து ஒரு பெண் நடந்து வருகிறாள், அவள் கையில்—'

(இது படத்தின் தொடக்கம். ஒரே கதைக்காக இரண்டு இடத்தில் திருடுவது அழகல்ல.)

'ஒடீல் பாரே தன் வாழ்நாளில் ஒரே ஒரு படத்தில் நடித்தார். அதுவும் முடியவில்லை.'

இது இருக்கட்டும்.

(இன்னொரு சங்கடம். ஒடீலை 'அவள்' என்று எழுதுவதா, 'அவர்' என்று எழுதுவதா? படத்தில் இருபது வயது. நாற்காலியில் பேரன் எடுத்தவர். இளம்பெண்ணாக வரும் இடத்தில் அவள், வேர்க்கடலை உரிக்கும் இடத்தில் அவர் என்று வைத்துக்கொள்கிறேன். எங்காவது வழுக்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.)

2

படத்தின் பெயர் 'வருகிறவள்'. எழுபதுகளின் தொடக்கத்தில் எடுத்தது. கால் மணி நேரத்துக்கும் குறைவாக ஓடும். கறுப்பு வெள்ளை, சத்தம் கிடையாது. ஒரு பெண் மூடி போட்ட சுரைக்குடுவையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு தினைக்கொல்லை ஓரமாக நடந்து வருகிறாள். ஒரு சைக்கிள் போகிறது. ஒரு ஆடு குறுக்கே வருகிறது. ஊருக்குள் நுழைகிறாள். ஓரிடத்தில் செருப்பு தடுக்கி, சமாளித்து, சிரித்துவிடுகிறாள். ஒரு தகரக் கதவுக்கு முன்னால் வந்து நின்று, தட்டுவதற்குக் கையைத் தூக்குகிறாள்.

அதற்கு மேல் படம் இல்லை.

குடுவைக்குள் என்ன, கதவுக்குப் பின்னால் யார், யாருக்கும் தெரியாது. அதனால்தான் இந்தப் படத்தை எடுத்த டிங்கா சவடோகோ போகாத ஊர் இல்லை. முடிந்த படத்தை எடுத்தவர்களை விமான நிலையத்தில் யாரும் கூப்பிட வருவதில்லை. முடியாத படத்தை எடுத்தவருக்கு மாலை.

சும்மா கேலிக்குச் சொல்லவில்லை, எனக்கும் அந்த மயக்கம் உண்டு. முடிந்த படம் ஒரு குடும்பஸ்தன் மாதிரி. தொப்பை தெரியும், குறட்டை கேட்கும், கடைசியில் எங்கே கொண்டுபோய் விடும் என்பது தெரிந்துவிடும். முடியாத படம் பெண் பார்க்க வந்துவிட்டுப் பதில் சொல்லாமல் போன மாப்பிள்ளை. வீட்டில் எல்லோரும் அவனைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்கள். அவன் இன்னும் ஒரு தப்பும் செய்யவில்லை. செய்ய அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை. அந்தக் கதவை நானும் பலமுறை மனசுக்குள் திறந்திருக்கிறேன். ஒரு தடவை அம்மா நின்றாள், ஒரு தடவை காதலன், காய்ச்சலாக இருந்த நாளில் மருத்துவர். முடிந்த படத்தில் இந்தச் சலுகை கிடைக்குமா?

எந்த ஊர் விழாவிலும் டிங்காவிடம் ஒரே கேள்விதான். "ஏன் சார் முடிக்கலே?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார். துடைப்பார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பிறகு, "கதவு தயாராகவில்லை" என்பார். கைதட்டல் அடங்கப் பத்து நிமிடம் ஆகும்.

இங்கே பல்கலைக்கழகத்தில் சினிமா சொல்லித்தரும் சலிமாத்தா இந்தப் படத்தில்தான் டாக்டர் பட்டம் வாங்கினாள். படம் முழுக்க அல்ல, குடுவையின் மூடியில் மட்டும். மூடி ஒரு மறுப்பு, மூடி ஒரு தேசம், மூடி ஒரு மௌனம் என்று தடிமனான புத்தகம். செருப்பு தடுக்குகிற இடத்துக்குத் தனி அத்தியாயம்: 'மண்ணின் எதிர்ப்பு'.

(ஒடீலிடம் இதைச் சொன்னபோது, "மண்ணு ஒண்ணும் எதிர்க்கலம்மா. என் செருப்புல வார் அறுந்திருந்துச்சு" என்றார்.)

தெருக்கோடி நீலக் கதவு என்றேனே, அது அந்தப் படத்தின் கதவேதான். பழைய வீட்டை இடித்தபோது டிங்கா அதைப் பெயர்த்துக்கொண்டுவந்து தன் வீட்டுக்கு மாட்டிக்கொண்டார். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். ஒடீல் சந்தைக்கும் மாதா கோயிலுக்கும் அதைத் தாண்டித்தான் போவார். இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் தட்டியதில்லை.

3

டிங்கா மோசி. ஒடீல் சாமோ. இந்த ஊர்க்காரர்கள் இதைக் கேட்டதும் சிரிக்கத் தொடங்கிவிடுவார்கள். உங்களுக்காக ஒரு வரி கூடுதலாகப் போடுகிறேன். இந்த இரண்டு சனமும் கேலி முறை. பார்த்த இடத்தில் ஒருவரையொருவர் வார வேண்டும். 'அடிமை', 'திருடி' என்று என்ன திட்டினாலும் கோபப்படக் கூடாது. கோபப்பட்டவர் தோற்றவர். அமைச்சரும் காவல்காரரும்கூட இதற்கு விலக்கில்லை. அத்தை மகளும் மாமன் மகனும் வாரிக்கொள்கிற மாதிரிதான். இங்கே ஊரே அத்தை மகள், ஊரே மாமன் மகன்.

டிங்கா வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். ஒடீல் கூடையோடு போவார்.

"என்ன மோசி, இன்னும் உயிரோடதான் இருக்கியா?"

"உன் சாவுச் சோறு தின்னுட்டுப் போகலாம்னு இருக்கேன்டி, கோழித்திருடி."

"அடிமைக்கு ஆசையைப் பாரு. சோறு உண்டு, கறி கிடையாது."

இரண்டு பேரும் சிரிப்பார்கள். தெருவும் சிரிக்கும். அவ்வளவுதான், ஒடீல் போய்விடுவார்.

பாருங்கள், இதில் ஒரு கஷ்டம் இருக்கிறது. இந்த முறையில் எதையும் சொல்லலாம். ஆனால் எதுவும் நிஜமாகப் போய்ச் சேராது. ஒடீலின் மனசில் ஒரே ஒரு கேள்வி கிடந்தது. அதை எப்படிக் கேட்டாலும் கேலியாகத்தான் போய் விழும், கேலியாகத்தான் திரும்பி வரும். அதனால் கேட்கவே இல்லை.

கேள்வி என்ன என்று சொல்லப் படப்பிடிப்புக்குப் போக வேண்டும்.

ஒடீல் அப்போது தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கிற வேலையில் இருந்தாள். அவள் குரலைக் கேட்டு மயங்கித்தான் டிங்கா நடிக்கக் கூப்பிட்டான். கூப்பிட்டுவிட்டுச் சத்தமே இல்லாத படத்தை எடுத்தான். (நான் கற்பனை செய்ததல்ல. இப்படிக் கற்பனை செய்யும் தைரியம் எனக்கு வராது.)

குடுவைக்குள் மணலைப் போட்டு, மூடி, அவள் கையில் கொடுத்தான். "கனம் இருந்தாத்தான் நடை நிஜமா இருக்கும். மூடியைத் திறக்காதே, ஒடீல். கடைசிக் காட்சியில, கதவு முன்னாடி, கேமரா பார்க்கறப்பதான் திறக்கணும்."

"திறந்தா என்ன பண்ணுவே?"

"சாமோக்காரி கை நீளம்னு ஊரெல்லாம் சொல்லுவேன்."

"திருடறதுக்கு உங்ககிட்ட மணலைத் தவிர என்னய்யா இருக்கு?"

ஒரு நாள் வெயில் மேகத்துக்குள் போய்விட்டது. எல்லோரும் காத்திருந்தார்கள். டிங்கா கேமராவைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "படம் முடியட்டும், உன்னைக் கட்டிக்கப் போறேன். எங்க வீட்டுல மாவு இடிக்க ஆள் இல்லை."

"உங்கப்பாவை இடிக்கச் சொல்லு. நாங்க அடிமைங்களைக் கட்டிக்கறதில்லை."

கேமராக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வண்டி ஓட்டுகிறவர் சிரித்தார். ஒடீலும் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகு டிங்காவைப் பார்த்தாள். அவன் கேமராவில் கண்ணைப் புதைத்துக்கொண்டிருந்தான். அந்தப் பக்கம் எடுப்பதற்கு ஒன்றும் இல்லை, வெறும் சுவர்.

(இந்த இடத்தில் ஒரு பத்தி முழுக்க அவள் மனசில் என்ன ஓடியது என்று எழுதி, அடித்துவிட்டேன். அவள் எனக்குச் சொல்லவில்லை. வேர்க்கடலையைத்தான் கொஞ்சம் வேகமாக உரித்தார்.)

கடைசிக் காட்சிக்கு முந்தின நாள்தான் செருப்பு தடுக்கியது, சிரிப்பு வந்தது. டிங்கா 'நிறுத்து' என்று சொல்லவில்லை. அன்றே கதவு வரை நடந்து, கையைத் தூக்குவது வரை எடுத்துவிட்டார்கள். மறுநாள் காலை எல்லாம் தயார். கதவுக்குப் பின்னால் நிற்கப்போவது யார் என்று யாருக்கும் சொல்லவில்லை. டிங்கா அன்று இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தான். தனியாகப் போய்க் குடுவையின் மூடியைத் தூக்கிப் பார்த்தான். பார்த்துக்கொண்டே நின்றான். மூடினான்.

"எல்லாரும் வீட்டுக்குப் போங்க" என்றான். "படம் அவ்வளவுதான்."

அந்தக் காலத்தில் எடுத்த சுருளைக் கழுவ பாரிசுக்குத்தான் அனுப்ப வேண்டும். திரும்பி வர வாரக்கணக்காகும். சுருள் வந்ததும் கூப்பிடுவான் என்று ஒடீல் காத்திருந்தாள். சுருள் வந்தது. கூப்பிடவில்லை. மறு வருஷம் ரயில்வேயில் இருந்த அகுஸ்தானைக் கட்டிக்கொண்டாள். (இப்படி நடுவில் வருகிற கணவன் குடிகாரனாகவோ கஞ்சனாகவோ இருந்தால் எனக்கு வேலை சுலபம். அகுஸ்தான் நல்ல மனிதர். பாட்டுப் பாடிக்கொண்டே பாத்திரம் கழுவுவாராம். அவர் போய்ச் சில வருஷம் ஆகிறது. ஒடீல் இன்னும் அந்தப் பாட்டை முணுமுணுக்கிறார்.)

ஆனால் கேள்வி அங்கேயே கிடந்தது: 'நான் தடுக்கிச் சிரிச்சதாலதானே படத்தை நிறுத்தினான்? நான் கெடுத்துட்டேனா?'

உலகமே கொண்டாடுகிற படத்தைத் தான் கெடுத்துவிட்டதாக ஒரு பெண் நினைத்துக்கொண்டு தினமும் அந்தக் கதவைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். கதை இதுதான். மிச்சமெல்லாம் என் அலங்காரம்.

4

போன மாதம் சலிமாத்தா கடைக்கு வந்தாள். நானும் இருந்தேன். சரியாகச் சொன்னால், என் தலை இருந்தது.

"அம்மா, சனிக்கிழமை மதியம் எங்க சினிமா மன்றத்துல படம் போடறோம். டிங்கா ஐயா வர்றாரு. நீங்களும் முன்வரிசையில உட்காரணும். பேச வேண்டாம், வந்தாலே போதும்."

"படத்துலயும் பேசவிடல. இப்பவும் கூடாதா?"

சலிமாத்தா பதறிவிட்டாள். "ஐயோ, அப்படி இல்லம்மா! நீங்க பேசினா எங்களுக்குப் பெருமை. என்ன பேசப்போறீங்க?"

"ஒண்ணும் பேசல. ஒரு கேள்வி கேக்கணும்."

செலின் என் தலைக்கு மேல் பின்னுவதை நிறுத்தினாள். "அம்மா, வேண்டாம்மா. அவரு ஏதாவது கேலி பண்ணுவாரு, நீ வீட்டுக்கு வந்து சாப்பிடாம படுத்துக்குவே."

"நான் எப்போடீ சாப்பிடாம படுத்தேன்?"

"அந்தப் படம் டிவியில வந்த அன்னைக்கு."

ஒடீல் உரித்த கடலையையும் தோலையும் ஒரே கிண்ணத்தில் போட்டுவிட்டு, பிறகு உட்கார்ந்து பொறுக்கினார்.

5

மன்றத்தில் மின்விசிறிகள் சுற்றின. நிற்க இடம் இல்லை. படம் ஓடி, கை தூக்கிய இடத்தில் வெள்ளையாகிவிட்டது. எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். சலிமாத்தா மூடியைப் பற்றிப் பேசினாள். நன்றாகத்தான் பேசினாள். எனக்கே அழுகை வந்தது, எதற்கு என்று தெரியாவிட்டாலும்.

ஒடீல் எழுந்தார். ஞாயிற்றுக்கிழமைப் பாவாடைத்துணி, அதற்கு ஏற்ற தலைக்கட்டு.

"ஏ மோசி."

மன்றம் கலகலத்தது. டிங்கா மேடையிலிருந்து கும்பிட்டார். "சொல்லு சாமோ. ஒலிபெருக்கியைத் திருடிக்கிட்டுப் போயிடாதே."

"ஏன் முடிக்கல?"

கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கப்போனார்.

"கண்ணாடியெல்லாம் அப்புறம் துடை. கதவு தயாராகலேன்னு சொல்லாதே. அந்தக் கதவு உன் வீட்டுல ஆணியடிச்சு நிக்குது. நான் கேக்கறது வேற. நான் மோசமா நடிச்சேனா? தடுக்கிச் சிரிச்சேனே, அதனாலயா?"

சிரிப்பு கொஞ்சம் தயங்கியது. டிங்காவும் தயங்கினார்.

"அந்தச் சிரிப்பாலதான் இந்தப் படத்தை எரிக்காம வெச்சிருக்கேன்" என்றார்.

"அப்ப ஏன்?"

"மூடியைத் திறந்து பார்த்தேன்."

சலிமாத்தா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். "உள்ளே என்ன ஐயா இருந்துச்சு?"

"மண்ணு."

ஆஹா என்று ஒரு சத்தம் வரிசை வரிசையாகப் போனது. மண்! தாய்மண்! யாரோ எழுதிக்கொள்ளத் தொடங்கினார்கள்.

"மண்ணு இல்லாம வேற என்ன இருக்கும்?" என்றார் ஒடீல். "நான்தானே திரும்பப் போட்டேன்."

"நீ போட்டியா?"

"முந்தின நாள் குடுவை லேசா இருந்துச்சு. கடகடன்னு ஆடுச்சு. என்னடான்னு பார்த்தா, மணலுக்குப் பதிலா ஈர இலையில சுத்திக் கோலாக் கொட்டை. யாரோ ராத்திரி முழிக்கறதுக்கு ஒளிச்சு வெச்சிருக்காங்கன்னு நினைச்சேன். எனக்கு ஒரே பசி. நீ மத்தியானம் சோறே போடல. ஒண்ணு கடிச்சேன். தனியா தின்னா நல்லா இருக்காதுன்னு எல்லாருக்கும் பங்கு வெச்சேன். கேமராக்காரருக்கு, வண்டிக்காரருக்கு, கதவு வீட்டுக்காரம்மாவுக்குக்கூட ரெண்டு. அப்புறம் கனம் குறைஞ்சா நடை பொய்யாயிடும்னு நீதானே சொன்னே? அதனால மறுபடி மணலை அள்ளிப் போட்டு மூடி வெச்சேன். வேலையைச் சரியா பண்ணணும்ல."

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம்.

* கோலாக் கொட்டை இங்கே வெறும் தின்பண்டம் அல்ல. பெண் கேட்கும்போது மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவருவது. நம் வெற்றிலை பாக்கு மாதிரி. வேண்டாம் என்றால் திருப்பி அனுப்புவார்கள். சம்மதம் என்றால் பெண் வீட்டில் அதை அக்கம்பக்கத்துக்கெல்லாம் பங்கு வைப்பார்கள். பங்கு வைத்துவிட்டால் நிச்சயம் ஆகிவிட்டது என்று அர்த்தம்.

* பெரியவர்கள் கையால் முறையாகப் போக வேண்டியதை, எதையும் நேராகச் செய்யத் தெரியாத டிங்கா சினிமாவுக்குள் ஒளித்து அனுப்பினார். வாயால் சொன்னால் மோசி கேலி ஆகிவிடும் என்று. மறுநாள் மூடியைத் தூக்கினால், தன் கோலாவை எடுத்துவிட்டு மண்ணைப் போட்டு வைத்திருக்கிறாள். ஒரு ஆண்பிள்ளை அதை வேறு எப்படி எடுத்துக்கொள்வான்?

மன்றத்தில் பெண்களுக்குத்தான் முதலில் புரிந்தது. பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா சன்னமாகக் குலவையிட்டு, வாயைப் பொத்திக்கொண்டார்.

"எல்லாருக்குமா பங்கு வெச்சே?" என்றார் டிங்கா.

"வெச்சேன்."

"ஒடீல், அது நான் வெச்சது. உனக்கு."

பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். சாமோ இல்லை, கோழித்திருடி இல்லை. அதை எத்தனை பேர் கவனித்தார்களோ. ஏனென்றால் அதே நொடியில் முன்வரிசையில் ஒருவர், "அடடா, மோசி பெண்ணும் கேக்கறான், தின்ன கொட்டைக்குப் பாக்கியும் கேக்கறான்!" என்று கத்தினார். மன்றம் வெடித்துச் சிரித்தது. நல்ல சிரிப்புதான், கெட்ட எண்ணம் இல்லாத சிரிப்பு. மோசியும் சாமோவும் பேசினால் சிரிக்க வேண்டும் என்று சின்ன வயசிலிருந்தே பழகிய சிரிப்பு.

ஒடீலும் சிரித்தார். சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். "கேலிதானே பண்றான்?" என்று என்னிடம் கேட்டார். "நீ கதையெல்லாம் எழுதறியே. சொல்லு. கேலிதானே?"

எனக்குத் தெரியவில்லை. குடும்பக் கதை எழுதுகிறவளுக்கு இது தெரியாதது அவமானம்தான்.

6

இனி முடிவு. மூன்று வைத்திருக்கிறேன்.

ஒன்று, என் வழக்கம். மறு வாரமே மாதா கோயில். செலின் அழுகிறாள், பேரன்கள் ஆடுகிறார்கள், டிங்காவின் தொப்பை சட்டைக்குள் அடங்கவில்லை, எண்ணெயும் கறியும் மிதக்கும் கொழுப்புச் சோறும் தினை பீரும் ஆறாக—

(எழுதும்போதே இனிக்கிறது. ஆனால் ஒடீல் இன்னும் சரி என்று சொல்லவில்லை. அவருக்குப் பதில் நான் கோலா பங்கு வைக்க முடியாது.)

இரண்டு, ஒடீல் மறுக்கிறார். அகுஸ்தானின் படத்துக்குப் பூ வைக்கிறார். டிங்கா மரத்தடியில்—

(இதில் எல்லோரும் உயர்ந்தவர்களாக இருக்கிறார்கள். வேர்க்கடலை உரிக்கிற யாரும் இவ்வளவு உயர்வாக இருந்து நான் பார்த்ததில்லை.)

மூன்று, டிங்காவின் வழி. வெட்டு. வெள்ளைத் திரை. கைதட்டல்.

(இந்த மூன்றாவது மீது எனக்கு ஒரு சபலம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். முடிக்காமல் விட்டால் என்னையும் யாராவது விமான நிலையத்தில் கூப்பிட வருவார்கள் அல்லவா? ஆனால் டிங்கா தத்துவத்துக்காக நிறுத்தவில்லை, நெஞ்சு நொந்து நிறுத்தினார். நான் எதற்காக நிறுத்துவது?)

அதனால் நடந்ததை நடந்தவரை சொல்லிவிடுகிறேன்.

7

நேற்று மதியம். என் தலை பாதி பின்னியிருந்தது. சலிமாத்தா வாசலில் வந்து நின்றாள். மோட்டார் சைக்கிளில் வரவில்லை, நடந்தே வந்திருந்தாள். இரண்டு கையாலும் ஏந்திய சுரைக்குடுவை. மூடி போட்டிருந்தது.

"டிங்கா ஐயா அனுப்பினாரு" என்றாள். "'அப்ப முறை தெரியாம பண்ணிட்டேன். இந்தத் தடவை ஆள் மூலமா அனுப்பறேன்'னு சொல்லச் சொன்னாரு. திறக்கறதும் திருப்பி அனுப்பறதும் உங்க இஷ்டமாம்."

ஆள் மூலமாக வந்த பேச்சு கேலியில் சேராது. அது செலினுக்குத் தெரியும், ஒடீலுக்குத் தெரியும், இவ்வளவு நாள் இங்கே இருந்ததில் எனக்கும் தெரியும்.

ஒடீல் மடியிலிருந்த தோலைத் தட்டிவிட்டு எழுந்தார். "உள்ளே என்னன்னு பார்த்தியா?"

"இல்லம்மா. பார்க்கக் கூடாதுன்னுட்டாரு. வழியெல்லாம் கை அரிச்சுது."

"மூடியைப் பத்தி அவ்வளவு பெரிய புஸ்தகம் எழுதினே. ஒரு தடவை தூக்கிப் பார்க்கத் தோணலியா, கண்ணு?"

குடுவையை வாங்கிக் கையில் ஏந்தினார். கனம் பார்த்தார். லேசாக ஆட்டினார். "ம்" என்றார்.

(அந்த 'ம்' கோலாவுக்கா மண்ணுக்கா என்று எனக்குத் தெரியாது. டிங்கா மோசி என்பதை மறந்துவிடாதீர்கள். பதிலுக்கு மண்ணை அனுப்பியிருந்தாலும் ஆச்சரியமில்லை. அப்படியே மண்ணாக இருந்தாலும் அதற்கு என்ன அர்த்தம் என்று சொல்ல இன்னொரு பட்டம் வாங்க வேண்டும்.)

"திறம்மா" என்றாள் செலின்.

"இங்கே எப்படித் திறக்கறது? கதவு முன்னாடிதான் திறக்கணும். கதையில அப்படித்தான் இருக்கு." ஒடீல் தலைக்கட்டைச் சரிசெய்தார். "ஒரு காட்சி பாக்கி இருக்கு எனக்கு. வேலையை எடுத்தா முடிக்கணும்ல."

படியிறங்கினார். தெருவில் வெயில் சாய்ந்திருந்தது. சலிமாத்தா அவசரமாகக் கைப்பேசியை எடுத்தாள், தூக்கினாள். பிறகு கையைத் தொங்கவிட்டாள்.

"எடுக்கலியா?" என்றேன்.

"எடுத்தா முடிஞ்சிடுமே அக்கா" என்றாள், பரிதாபமாக.

ஒடீல் நடந்தாள். ஒரு சைக்கிள் போனது. ஆடு இல்லை, கோழி ஒன்று குறுக்கே ஓடியது. அதைப் பார்த்து ஏதோ திட்டினாள். தண்ணீர்க் குழாய்க்குத் தோண்டிய பள்ளத்தருகில் செருப்பு தடுக்கியது. குடுவையை விடாமல் சமாளித்தாள். அங்கிருந்து அவள் சிரிப்பு கடைவரை கேட்டது. சத்தத்தோடு கேட்டது.

நீலக் கதவுக்கு முன்னால் நின்றாள். குடுவையை இடுப்பில் அணைத்துக்கொண்டாள். கையைத் தூக்கினாள்.

அப்போது செலினின் இரண்டு கைகளும் என் தலையைப் பிடித்து அழுத்திக் குனிய வைத்தன.

"அக்கா, தலையைக் குனிங்க."

"செலின், ஒரு நிமிஷம்—"

"பின்னாடி பின்னணும்" என்றாள். அவள் விரல்கள் பின்னவில்லை. என் கழுத்தின் மேல் சும்மா இருந்தன. "இதுக்கு மேல எங்க அம்மா விஷயம். எழுதாதீங்க."

எனக்குத் தெரிந்ததெல்லாம் தரையும் வேர்க்கடலைத் தோலும் சலிமாத்தாவின் புழுதி படிந்த கால்களும்தான். கதவு தட்டும் சத்தம் கேட்டது. தகரச் சத்தம், தெளிவாக.

நீங்கள் நிமிர்ந்து பார்க்கலாம். உங்கள் தலையை யாரும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை.